லீலாதேவி மிஸ்ஸிடம் பத்துச்சீட்டு கிடையாது

எட்டு இருபத்தொன்பதுக்கு லீலாதேவி மிஸ் வகுப்பறை வாசலில், படிக்கு வெளியே, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எட்டரை ஆனதும் வலது கால் படியைத் தாண்டி உள்ளே வரும். அவருக்குப் பின்னால் வருகிறவர் அன்றைக்கு வராதவர். உள்ளே உட்காரலாம், குறிப்பு எழுதலாம், கேள்வி கேட்கலாம், மத்தியானம் எங்களோடு சோறுகூடச் சாப்பிடலாம். வரவுப் புத்தகத்தில் மட்டும் அவர் இல்லை. லுணுகலை பஸ் பிந்திய சனிக்கிழமைகளில் நான் மிஸ்ஸின் தோளை உரசாத குறையாக முந்திக்கொண்டு உள்ளே பாய்ந்திருக்கிறேன். அதை அவர் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டதே இல்லை.

பதுளையில் இருக்கும் எங்கள் தொலைக்கல்வி நிலையத்தின் கல்வி ஆலோசகர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். எழுபத்தெட்டில் இரண்டு வருட இடமாற்றத்தில் ஆசிரியையாகப் பதுளைக்கு வந்தார். அந்த இரண்டு வருடம் இன்னும் முடியவில்லை. நாங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்துக்கொண்டே கல்விமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள். பாதிப் பேருக்கு நரை விழுந்துவிட்டது. கிழமை நாட்களில் பிந்தி வந்த பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு, சனிக்கிழமை நாங்கள் பிந்திப் போய் முழித்துக்கொண்டு நிற்போம்.

மிஸ் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏறி வந்த பஸ்ஸைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் 'லுணுகலை மாஸ்டர்'. என்னோடு படிக்கும் தயானி 'ஹல்துமுல்லை ரீச்சர்'. அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் இடப்பக்கம் பல்கலைக்கழக ஒழுங்குவிதி இருக்கும், வலப்பக்கம் பஸ் நேர அட்டவணை இருக்கும். என்ன பாடம் எடுப்பது என்று ஆலோசனை கேட்டால் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்.

எனக்கு ஒப்பீட்டுக் கல்வி படிக்க ஆசை இருந்தது. "அதை விடுங்கோ மாஸ்டர். அந்த வகுப்பு அஞ்சு மணிக்கு முடியும். உங்கட கடைசி பஸ் நாலே முக்காலுக்கு. நீங்கள் வழிகாட்டலும் ஆலோசனையும் எடுங்கோ" என்றார். "அதுல எனக்கு விருப்பம் இல்லீங்களே மிஸ்" என்று இழுத்தேன். "விருப்பம் பிறகு வரும். பஸ் வராது" என்றார். அப்படித்தான் நான் வழிகாட்டலும் ஆலோசனையும் படித்தேன். விருப்பம் இன்னும் வந்தபாடில்லை.

தரம் என்று வந்துவிட்டால் மிஸ்ஸிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. நாற்பது எடுக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்பதரை எடுத்த ஒருவர் அந்த அரைப் புள்ளிக்காக அவர் முன்னால் அழுது பார்த்தார். மிஸ் கைக்குட்டை கொடுத்தார். அரைப் புள்ளி கொடுக்கவில்லை. அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்சப் பாராட்டு "பிழை இல்லை" என்பதுதான். அதை வாங்கியவர் அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போவார்.

ஒரு முறை ஏழு பேர் ஒரே பாடத்திட்டத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தோம். மூன்றாம் வகுப்புக்கு 'கடற்கரை'. எங்களில் பலரும் எங்கள் பிள்ளைகளில் எவரும் கடலைக் கண்ணால் கண்டதில்லை, அதை விடுவோம். மிஸ் ஏழு தாளையும் மேசையில் பரப்பி, சீட்டு அடுக்குவது மாதிரி வரிசைப்படுத்தினார். "இது தாய். இது பிள்ளை. இது பேரப்பிள்ளை." ஒவ்வொரு கை மாறும்போதும் பாட நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருந்ததாம். கடைசித் தாள் என்னுடையது. "லுணுகலை மாஸ்டர், நாற்பது நிமிசப் பாடம் உங்களிட்டை வந்து சேரேக்கை எழுபத்தஞ்சு நிமிசமாப் போச்சு. வழியிலை மழையோ?" ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டு புதிதாக எழுதினோம்.

இவ்வளவு ஒழுங்கான மிஸ்ஸிடம் ஒரே ஒரு பொருளை மட்டும் யாராலும் வாங்க முடிந்ததில்லை. அது படிப்பிலிருந்து விலகுகிற படிவம்.

தோட்டத்தை விட்டுப் போகிற தொழிலாளிக்குப் பெயரை வெட்டி, ஆபீசில் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். பத்துச்சீட்டு என்போம். அது இல்லாமல் போகிறவனுக்கு ஓடிப்போனவன் என்று பெயர். லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது ஊறிப்போன விஷயம். படிக்க முடியவில்லை என்றால் பேசாமல் வீட்டில் இருந்துவிட மாட்டோம். வெள்ளைச் சட்டை போட்டு, பஸ் ஏறி வந்து, "பேர வெட்டிப் பத்துச்சீட்டு குடுத்துருங்க மிஸ்" என்று முறையாகக் கேட்போம். பல்கலைக்கழக விதியோ இதற்கு நேர்மாறு. படிவத்தில் கையெழுத்து வைத்து விலகினால் அதுவரை சித்தியடைந்த பாடமெல்லாம் போய்விடும். சும்மா வராமல் இருந்தவர் ஆறு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வந்து தொடரலாம். இதை விளக்கினால் நாங்கள் மரியாதை, மானம் என்று வாதாடுவோம் என்பது மிஸ்ஸுக்குத் தெரியும். ஆகவே விளக்க மாட்டார். "படிவம் முடிஞ்சுது. கொழும்பிலை இருந்து வரவேணும்" என்பார், அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்பதில், கல்வி உளவியலில் இரண்டாம் தடவையும் தவறிய ஆத்திரத்தில் நானும் போய்க் கேட்டேன். படிவம் முடிந்திருந்தது. அடுத்த மாதம் போனேன், வரவில்லை. "வந்ததுதான் வந்தனீங்கள், அடுத்த முறை வரேக்கை இந்த ஒப்படையையும் எழுதிக்கொண்டு வாங்கோ" என்று ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வித்தாளைக் கையில் திணித்தார். நான்காவது முறை போனபோது ஒப்படைகள் எல்லாம் முடிந்து பரீட்சை மட்டும்தான் பாக்கி இருந்தது. அதையும் எழுதித் தொலைத்தேன். சித்தியடைந்தேன். அலுவலகத்தில் கோப்பு எடுத்துக் கொடுக்கும் வாஹித் பிறகொரு நாள் என் காதில் சொன்னார்: "அலுமாரில ரெண்டு கட்டு இரிக்கி மாஸ்டர். பிரிக்கவே இல்ல. சாவி மிஸ்ட பேக்ல."

பிறகு ரெங்கசாமி மாஸ்டரும் கேட்க வேண்டி வந்தது. கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், நாற்பத்திரண்டு வயது. மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். இரண்டு பெண்பிள்ளைகளையும் இவர்தான் பார்த்துக்கொள்கிறார், அதனால் ஓர் இரவும் வெளியே தங்க முடியாது. பட்டம் கிடைத்துச் சம்பளம் ஏறினால் மனைவியை வரச்சொல்லிவிடலாம் என்பது அவருடைய நினைப்பு. இரண்டாயிரத்து மூன்று அவருக்கு ஆறாவது வருடம். அதற்கு மேல் இடமில்லை. எல்லாப் பாடமும் முடித்து, கற்பித்தல் பயிற்சி மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் பத்துச் சனிக்கிழமைச் செயலமர்வு. எட்டுக்காவது வந்தாக வேண்டும். ஏழுக்கு ஒழுங்காக வந்திருந்தார்.

ஐப்பசி மழையில் பெரகலைக்கும் கொஸ்லந்தைக்கும் நடுவில் மண் சரிந்து ரோடு அடைபட்டது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் சரிவை நடந்து கடக்க விட்டார்கள். ரெங்கசாமி கடந்து, பெரகலைக்கு நடந்து, பஸ் பிடித்துப் பதுளைக்கு வந்து சேர்ந்தபோது முதற் சனி ஒன்பதரை. அடுத்த சனி ஒன்பதே முக்கால். இரண்டும் அவர் வராத நாட்கள். இனி இருப்பது ஒன்றே ஒன்று.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அவர் வந்தார். ஒப்படை கொடுக்கப் போன நானும் அங்கே நின்றேன்.

"மிஸ், பேர வெட்டிருங்க. சனிக்கிழமையும் எட்டரைக்கு வந்து சேர முடியாதுங்க. ஓடிப்போனவன்னு இருக்க வேணாம். பத்துச்சீட்ட குடுத்தீங்கன்னா மரியாதையா போயிருவேன்."

"படிவம் முடிஞ்சுது" என்றார் மிஸ்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மிஸ், ஒரு நாளுதானுங்களே? ரோடு ஒடைஞ்சதுக்கு மனுசன் என்னங்க செய்வாரு? ஒரு வரவப் போட்டுவிட்டா யாருக்கு என்ன நட்டம்?"

"வராதவரை வந்தவரெண்டு எழுதினா, விடிய எழும்பி ஓடி வந்த மற்ற இருபத்தாறு பேருக்கும் என்ன மரியாதை, லுணுகலை மாஸ்டர்? நீங்களும் அதிலை ஒராள்தானே?"

கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டினேன். ரெங்கசாமி "அப்ப வர்றேங்க மிஸ்" என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். மிஸ் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மறுபடி இடப்பக்கம் வந்து விரலை வைத்து ஒரு வரியைப் படித்தார். பிறகு வாஹித்தைக் கூப்பிட்டு, கொஸ்லந்தைத் தபாற்கந்தோருக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார்.

மறுநாள் எங்கள் எல்லோருக்கும் செய்தி வந்தது. பத்தாவது செயலமர்வு, சனிக்கிழமை காலை எட்டரைக்கு, ரெங்கசாமி மாஸ்டரின் பள்ளிக்கூடத்தில். செயலமர்வு ஆலோசகர் தீர்மானிக்கும் இடத்தில் நடைபெறலாம் என்று ஒழுங்குவிதியில் இருக்கிறதாம். அப்படி ஒரு வரி இருப்பது அதை அச்சடித்தவருக்கே மறந்திருக்கும்.

நான் வெள்ளிக்கிழமையே பதுளைக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில் படுத்து, விடிய நாலரை பஸ்ஸைப் பிடித்தேன். சரிவு வரைக்கும் பஸ், அதற்குமேல் கால்நடை. இருபத்தாறு ஆசிரியர்கள் காற்சட்டையையும் சேலையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினோம். வரவுப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி மிஸ் முன்னால் போனார். நடுவழியில் அவருடைய செருப்பு ஒன்று சேற்றில் புதைந்துவிட்டது. இத்ரூஸ் மாஸ்டர் முழங்கை வரை கையை விட்டு அதை இழுத்தெடுத்தார். "ஒராளுக்கு வேண்டி இத்தன பேரும் சேத்துல, மிஸ்" என்று செருப்பை நீட்டினார். "சேறு பரீட்சைக்கு வராது. கவனமா வாங்கோ" என்று மிஸ் வாங்கிக்கொண்டார்.

எட்டு இருபத்தேழுக்கு மலைமேல் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரே ஒரு நீள மண்டபம். ஓடிப்போய் இரண்டாம் வகுப்பு வாங்குகளில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்தோம். மிஸ் வழக்கம்போலப் படிக்கு வெளியே நின்றார். உள்ளே ரெங்கசாமியைக் காணவில்லை. கரும்பலகையில் முத்து முத்தான எழுத்தில், 'அனைவருக்கும் வணக்கம். தேநீர் எடுக்க வீட்டுக்குப் போயிருக்கிறேன். உடனே வருவேன்' என்று இருந்தது.

ஜன்னலால் எட்டிப் பார்த்தோம். தூரத்தில், லயத்திலிருந்து ஏறிவரும் பாதையில், ஒரு கையில் பெரிய கேத்தலும் மறு கையில் கோப்பை நிறைந்த வாளியுமாக அவர் வந்துகொண்டிருந்தார். சிந்தாமல் வரவேண்டும் என்று ஒவ்வொரு அடியாக வைத்தார். எட்டு இருபத்தொன்பது.

"ஓடி வாங்க மாஸ்டர்! ஓடியாங்க!" என்று இருபத்தாறு பேரும் கத்தினோம். தேத்தண்ணிக்குத்தான் கத்துகிறோம் என்று நினைத்துவிட்டார் மனிதர். "வர்றேன், வர்றேன், கொதிக்கக் கொதிக்க இருக்குங்க!" என்று சிரித்தபடி இன்னும் கவனமாக, இன்னும் மெதுவாக நடந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எட்டரை. மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். மிஸ் அப்படியே படியில் உட்கார்ந்து, வலது செருப்பைக் கழற்றி, பக்கத்தில் கிடந்த குச்சியால் சேற்றைச் சுரண்டத் தொடங்கினார். அது முடிந்தது. இடது செருப்பைக் கழற்றினார். அதுவும் முடிந்தது. ரெங்கசாமி கடைசி வளைவில் ஏறிக்கொண்டிருந்தார். மிஸ் வலது செருப்பை மறுபடியும் கையில் எடுத்தார். அதில் சேறு என்று பெயருக்குக்கூட ஒரு பொட்டும் இல்லை. இருந்தும் குச்சியை விளிம்பில் வைத்து, குனிந்த தலை நிமிராமல், ஓரம் ஓரமாகச் சுரண்டினார். "உள்ள வாங்க மிஸ், ஏன் வாசல்லயே உக்காந்துட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே ரெங்கசாமி கேத்தலோடு அவரைத் தாண்டி மண்டபத்துக்குள் போனார். மிஸ் குச்சியைப் போட்டுவிட்டு, இரண்டு செருப்பையும் மாட்டிக்கொண்டு எழுந்து, வலது காலை உள்ளே எடுத்து வைத்தார்.