பதினோராம் பகுதி பற்றிய கருத்து

பன்னிரண்டு வாரம் ஓடிவிட்டு நின்றுபோன தொடர் அது. இந்தியச் சானல் ஒன்றில் ஞாயிறு மாலை வரும். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மறுபடியும் போடுவார்கள். கதை இதுதான்: ஓர் இன்ஸ்பெக்டர். அவருடைய மேசைக்கு முன்னால் செத்தவர்கள் வந்து நிற்பார்கள். அவர் கண்ணுக்கு மட்டுமே தெரிவார்கள். யார் கொன்றது, எங்கே புதைத்தது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அவர் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். கடைசியில் எலும்பு கிடைக்கும், குற்றவாளி அகப்படுவான்.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. கொப்பி எடுப்பதோடு படிவம் நிரப்புவது, மனு எழுதுவது எல்லாம் செய்வேன். எட்டாம் வகுப்பில் இடம்பெயர்ந்தபோது படிப்பு நின்றது. எனக்கு வந்த எழுத்தெல்லாம் மற்றவர்களுடைய மனுக்களைப் பார்த்துப் பழகியதுதான். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், புதன்கிழமை பொதுமக்கள் தினம் என்பதால், தொடரை மறுபடி போடும் நேரமும் என் கடையில் சனம் நிறையும் நேரமும் ஒன்றாகிவிட்டன. சுவரில் மாட்டியிருந்த சின்னத் தொலைக்காட்சியில் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

எங்கள் ஆட்கள் பேய்க்கதைக்குப் பயப்படுவதில்லை, பிழை பிடிப்பார்கள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர், எங்களுக்கு நானா, தட்டத்தோடு வந்தவர் அப்படியே நின்று ஒரு பகுதி முழுவதையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மௌத்தாப் போனவருக்கு என்னத்துக்கு இவ்வளவு பவுடர்? கலியாண வீட்டுக்கா போறார்?"

வாசலில் ஓட்டோவை நிறுத்தி வைத்திருப்பவர் விடவில்லை. "நானா, உங்களுக்குப் பேய்தான் பிழையாத் தெரியுது. எனக்கு அந்தப் பொலிஸ்காரனைத்தான் நம்பேலாமல் கிடக்கு. வந்த உடன இருக்கக் கதிரை குடுக்கிறான், முதல் நாளே என்ட்ரி போடுறான். இதுதான் ஐசே உண்மையான பேய்க்கதை!"

கடை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. இப்படி ஆட்கள் சொல்வதையெல்லாம் பழுதாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் குறித்து வைப்பது என் பழக்கம். அதையும் குறித்து வைத்தேன்.

சிரிக்காமல் பார்த்தவர் ஒரே ஒருவர். அடம்பன் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அம்மா. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவர் பேச்சில் அந்தப் பக்கத்து இழுவை போகவில்லை. யுத்தத்தின்போது, பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கிச் சோதிக்கும் காலத்தில், ஒருநாள் இறங்கிய இவருடைய மகன் மறுபடி பஸ்ஸில் ஏறவில்லை. அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. அதற்குப் பிறகு விசாரிக்கிறோம் என்று வந்த எல்லாரிடமும் இவர் போய்ச் சொல்லியிருக்கிறார். துணிப்பை நிறையக் கடிதம். ஒவ்வொரு கடிதத்துக்கும் கொப்பி, ஒவ்வொரு கொப்பியோடும் பதிவுத் தபால் துண்டு.

"கொப்பி வெச்சுக்காம நான் எதையும் குடுக்கிறதில்ல தம்பி," என்பார். "குடுக்கவேயில்லன்னு சொல்லிப்புடுவாங்க."

அவர் தொடரைப் பார்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மூன்றாவதோ நாலாவதோ வாரத்தில் என்னிடம் கேட்டார்: "செத்தவுங்க மட்டுந்தானே அவருகிட்ட வர்றாங்க? உசுரோட இருக்கிற ஒருத்தனும் வரலயே?"

"இல்லை அம்மா."

"எம்மவனும் வரல. ஒரு கனாவுல கூட வரல." சொல்லிவிட்டு, வழக்கில் தீர்ப்புக் கிடைத்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த வாரங்களில் அவருடைய படிவம் ஒன்று என் மேசை லாச்சியில் கிடந்தது. அவர்கள் இருக்கும் காணியின் அனுமதிப்பத்திரம் மகன் பெயரில். கணவர் முன்பே இறந்துவிட்டதால் அப்படிப் பதிந்திருந்தார்கள். இப்போது மகள் இரண்டு பிள்ளைகளோடு அதே காணியில் தகரக் கொட்டிலில் இருக்கிறாள். வீட்டுத்திட்டத்தில் அவளுடைய பெயர் வந்துவிட்டது. ஆனால் காணி அவள் பெயருக்கு மாறவேண்டும், மாறுவதற்கு அண்ணனுடைய மரணம் பதியப்படவேண்டும். மாத முடிவுக்குள் கொடுக்காவிட்டால் வீடு வேறு யாருக்கோ போய்விடும் என்று காணிக் கந்தோர் அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். நான் எல்லாக் கட்டத்தையும் நிரப்பி வைத்திருந்தேன். மரணத் திகதியும் தாயின் கையொப்பமும் மட்டும்தான் மிச்சம். புதனுக்குப் புதன் வருவார், அதைப் பற்றிக் கேட்கமாட்டார். நானும் லாச்சியைத் திறக்கமாட்டேன்.

பதினோராம் பகுதியில் ஓர் இளைஞன் வந்தான். பொலிஸ் நிலையத்துக்கு அல்ல. ஒரு சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பது போல் நின்றுகொண்டிருந்தான். தான் செத்தது அவனுக்குத் தெரியாது. தெரியாதவர்கள் எங்கேயும் போகமுடியாது, யாரிடமும் வரமுடியாது, கனவில்கூட வரமுடியாது என்று இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்கிறார். வீட்டு ஆள் ஒருவர் வந்து வாயால் சொல்லவேண்டுமாம். தாயைக் கூட்டிவருகிறார்கள். அவள் அந்த வெறும் சந்தியைப் பார்த்து, "நீ செத்துட்டப்பா" என்று சொல்லி அழுகிறாள். பையன் போய்விடுகிறான். அதோடு விளம்பரம்.

"இண்டைக்குத்தான் திறமா எடுத்திருக்கிறாங்கள்," என்று சொல்லிக்கொண்டே திரும்பிய ஓட்டோக்காரர் அந்த அம்மாவைக் கண்டார். வெளியே போய் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"அது பிழை தம்பி," என்றார் அம்மா. திரையின் அடியில், உங்கள் கருத்துகளை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று ஓர் இலக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அதை வாசித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "அப்ப எழுது," என்றார்.

எத்தனையோ விசாரணைகளில் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒழுங்கில்தான் அதையும் சொன்னார். முதலில் தன் முழுப்பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம். பிறகு, கீழே சொல்வதெல்லாம் உண்மை. பதினோராம் பகுதியில் காட்டிய தாய் சரியில்லை. பெற்றவள் அப்படிப் போய்ச் சொல்லமாட்டாள். தெரியாமல் செத்தவன் கனவிலும் வரமாட்டான் என்று முதல் பத்துப் பகுதியிலும் நீங்கள் சொல்லவில்லை, இப்போது புதிதாகச் சொல்கிறீர்கள். தயவுசெய்து அடுத்த பகுதியில் திருத்திவிடவும். அவ்வளவோடு நிற்கவில்லை. மகனின் உயரம், அன்றைக்குப் போட்டிருந்த நீலக் கோடு போட்ட சேட்டு, இடது புருவத்தில் இருக்கும் வெட்டுத் தழும்பு எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்.

நான் கையை நிறுத்தினேன். "அம்மா, அவர் நடிக்கிறவர். இது கதை."

"தெரியும் தம்பி. நெசமான ஆளுங்களுக்கும் குடுத்துத்தானே பார்த்தேன்."

எழுதி அனுப்பினேன். உடனே, "கொப்பி?" என்றார். போனைக் கொடுத்தேன். அதை வாங்கி, தானே போட்டோக்கொப்பி மெசினின் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து மூடியையும் மூடினார். மறுக்க மனம் வராமல் பட்டனை அமத்தினேன். கன்னங்கரேலென்று ஒரு தாள் வந்தது. பிறகு திரையைப் படம் பிடித்து, பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். "சீல்?" என்றார். அவர் வைத்திருந்த கடிதங்களில் சீல் இல்லாதது ஒன்றும் இல்லை. என் கடை சீலைக் குத்திக் கொடுத்தேன். அதற்குள் போனில் இரண்டு சரியடையாளமும் நீலமாகிவிட்டன. அதையும் காட்டினேன்.

"வாசிச்சிட்டாங்களா?"

"வாசிச்சிட்டாங்கள். பதில் வரும் அம்மா."

இத்தனை காலத் தொழிலில் பதில் வரும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. மனு எழுதுகிறவன் சொல்லக்கூடாத சொல் அது. அன்று சொன்னேன். அவர் ஆறுதலாக வீட்டுக்குப் போகட்டும் என்று நினைத்தேன் என்றுதான் இவ்வளவு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர் என் முன்னால் அப்படி உட்கார்ந்திருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் பகுதியில் ஒரு பணக்காரரின் ஆவி வந்து உயிலைப் பற்றிப் பேசியது. சந்தியில் நின்ற பையனைப் பற்றி ஒரு சொல் இல்லை. "அடுத்த கிழமை போடுவாங்க," என்று சொல்லி அம்மா எழும்பிப் போனார். அடுத்த கிழமை அந்த நேரத்துக்குத் திரையில் ஒரு பெண் கோழி பொரித்துக்கொண்டிருந்தாள்.

"பேய் முடிஞ்சுது, இனிக் கோழி," என்றார் நானா. ஓட்டோக்காரர் போனில் தேடிப் பார்த்தார். பார்க்க ஆட்கள் காணாதாம், நிறுத்திவிட்டார்களாம்.

அம்மா வந்ததும் நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதினதாலயா தம்பி?"

"சீச்சீ, இல்லை அம்மா. அவங்களுக்குச் சனம் பார்க்கேல்லயாம்."

"நான் போய்ச் சொன்னதெல்லாம் இப்பிடித்தான். கேப்பாங்க, எழுதுவாங்க, பொறவு அந்தக் கந்தோரையே மூடிருவாங்க." கோபமில்லாமல்தான் சொன்னார், மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வது மாதிரி. அதை நான் எந்தத் தாளிலும் குறிக்கவில்லை.

மாத முடிவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. "அந்த ஃபாரத்த எடு," என்றார்.

லாச்சியைத் திறந்து எடுத்தேன். மரணத் திகதிக் கட்டத்தில் விரலை வைத்து, இதற்கு என்ன எழுதுவது என்று கேட்டார். கடைசியாகக் கண்ட திகதியை எழுதுவதுதான் வழக்கம் என்றேன். "காலையில சோறு கட்டிக் குடுத்தேனே, அந்தத் தேதியா?" என்றார். ஓம் என்றேன். நான் திகதியை எழுதினேன். அவர் தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதி முடித்தார். இரண்டு கொப்பி எடுத்துக் கொடுத்தேன். ஒன்றைப் பையில் வைத்தார், மற்றதைப் படிவத்தோடு கையில் பிடித்துக்கொண்டார்.

"ஏறுங்கோ அம்மா, கச்சேரியில விடுறன்," என்றார் ஓட்டோக்காரர். நடந்தே போகிறேன் என்று கையைக் காட்டினார்.

படியில் இறங்கியவர் திரும்பி வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி மேசைக்கு மேலால் குனிந்தார்.

"தம்பி, நான் அவன்கிட்ட சொல்லல. கந்தோருக்குத்தான் சொன்னேன்."

"ஓம் அம்மா," என்றேன். "கந்தோருக்கு மட்டும்தான்."

அப்படியென்றால் சரி என்பது போல் தலையாட்டிவிட்டு, வெயிலில் இறங்கிக் கச்சேரிப் பக்கமாக நடந்தார்.