நாலு மடிப்புக் கான்வாஸ்

அந்தத் தெருவிலிருக்கும் பிள்ளைகளின் பள்ளிப் பைகளில் பாதி அவள் தைத்தவை. பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பைக்காரம்மா என்றால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். இருபத்திரண்டு வருடம் மெஷினைக் காலால் மிதித்தே தடித்த கான்வாஸ் துணியைத் தைத்தவள். போன மாதம் வலது முழங்கால் மக்கர் பண்ணிவிட்டது.

"இனி மெஷின் மிதிச்சீங்கன்னா நடக்கவே முடியாதும்மா" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கடையில் வாங்கி மாட்டிய குட்டித் தையல் மோட்டாரோ பை விளிம்பின் நாலு மடிப்பைக் கண்டதும் நின்றுவிட்டது. தைக்காமல் அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வயர்மேன் புருஷனுக்குப் பொறுக்கவில்லை.

பழைய இரும்புக் கடையிலிருந்து, உடற்பயிற்சி மெஷினில் கழற்றிய டிசி மோட்டார் ஒன்றைத் தூக்கி வந்தான். ஊர் வீடுகளுக்கெல்லாம் வயரிங் செய்த மனுஷன், அவசரத்தில் அதை அப்படியே பிளக்கில் செருகினான். மோட்டார் உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடுங்கியது. ஃபியூஸ் போயிற்று.

"அதுக்கும் முழங்கால் வலி போலிருக்கு" என்றாள் அவள்.

அவன் தலையில் அடித்துக்கொண்டான். டிசி மோட்டாருக்கு ஒரே திசைக் கரண்ட் வேண்டும்; வீட்டுக் கரண்டோ நொடிக்கு நூறு தடவை திசை மாறுவது. முன்னும் பின்னும் மாற்றி மாற்றி இழுத்தால் யார்தான் நடப்பார்கள்? நாலு டயோடு வைத்துக் கரண்டை ஒரே திசையில் போகவிட்டான். மோட்டார் அளவுக்கு மீறி இழுக்காமலிருக்க, நடுவில் இருநூறு வாட் குண்டு பல்பு ஒன்றையும் கோத்தான். பெல்ட் போட்டு மோட்டாரைத் தையல் மெஷினோடு மாட்டினான்.

சுவிட்சைப் போட்டதும் பல்பு பளீரென்று எரிந்தது. மோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்க வெளிச்சம் இறங்கி, இழை மட்டும் சிவந்து நின்றது. சுற்றுகிற மோட்டாரே கரண்டை எதிர்த்துத் தள்ளுகிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் மெய்சிலிர்த்தது.

"ஏங்க, துணி வைக்கட்டுமா?" என்றாள் அவள்.

"வை. நாலு மடிப்பே வை."

ஊசி இறங்கியது. பல்பு மறுபடி ஏறி எரிந்தது, சுவரெல்லாம் வெளுத்தது. வேகம் குறைந்ததே தவிர மெஷின் நிற்கவில்லை. மடிப்பைத் தாண்டியதும் வெளிச்சம் தணிந்தது. அடுத்த மடிப்பில் மறுபடி பளீர்.

"ஓடுதுங்க! ஓடுது!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள்.

அவன் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மடிப்பைக் கடக்க இவ்வளவு சக்தி வேண்டியிருக்கிறது! தினமும் சாப்பிட்டுக்கொண்டே அவன் கேட்ட மெஷினின் அந்தக் கடகடச் சத்தத்துக்குள் இது இருந்திருக்கிறது.

"ஏம்மா, இவ்வளவும் உன் கால்லேர்ந்தா வந்துச்சு?"

"பின்னே, உங்க கால்லேர்ந்தா?" என்றபடி அவள் அடுத்த பையை எடுத்தாள்.