அம்மா இடிக்காத மரத்தூள்

15.11.1987, ஞாயிறு.

புதன்கிழமைக் குறிப்பில் ஒரு தவறு இருக்கிறது. ‘அம்மா மரத்தூள் இடித்து வைத்திருந்தாள்’ என்று எழுதியிருக்கிறேன். அம்மா இடிக்கவில்லை. நானும் இடிக்கவில்லை.

இது பருத்திப்பட்டில், எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது. நான் என்னையே நம்பாதவன். பூட்டிய கதவை இரண்டு தடவை திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவன். அதனால்தான் மணி பார்த்து எழுதுகிறேன். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

மூன்று கல்லைக் கூட்டி முப்பது வருஷம் விறகு எரித்ததில் அம்மா கெங்கம்மாளுக்கு நெஞ்சு கெட்டுவிட்டது. இந்தப் புகையில் இன்னொரு குளிர்காலம் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாலை வகுப்பு டிராயிங் நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். புகையில்லா அடுப்பு: கூரையைத் துளைத்துக் குழாய் விட வேண்டும், வீட்டுக்காரர் ஒப்பவில்லை. கரி அடுப்பு: கதவை மூடினால் மூச்சு முட்டும். மரத்தூள் அடுப்பு: பற்றிக்கொண்டபின் புகை வராது, மூன்று மணி நேரம் நின்று எரியும்.

திருமழிசை கம்பெனியில் என் பக்கத்து லேத்தில் நிற்கும் தேவராஜ் நோட்டைப் பார்த்துச் சிரித்தான். “மாமே, பொண்ணு பாக்கக்கூட எவனும் இம்மாம் யோசிக்கமாட்டான். எங்க வெள்ளானூர்ல செங்கல்வராயன் ஊட்டுல மரத்தூள் அடுப்பு ஒண்ணு சும்மா கீது. போய் தூக்கிகினு வா.”

செவ்வாய் மாலை போனேன். செங்கல்வராயனுக்கு அறுபது வயதிருக்கும். டின் அடுப்பைக் காலால் என் பக்கம் தள்ளினார். கையால் தொடவில்லை.

“எடுத்துகினு போ நைனா. திருப்பிக் கொண்டாராத.”

காலி டின்தான். சைக்கிள் கேரியரில் கட்டினேன். வழியில் மரம் அறுக்கும் கடையில் ஒரு மூட்டை தூள் வாங்கினேன்.

டின்னுக்கு நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கி இடிக்க வேண்டும். பிறகு பாட்டிலைத் திருகி உருவினால் வழவழவென்று ஒரு துளை நிற்கும். அதன் வழியாகத்தான் தீ ஏறும். அரைமணி நேர வேலை.

புதன் 6.20க்கு வீட்டுக்கு வந்தேன். தூள் இடித்துத் தயாராக இருந்தது. அம்மா செய்தாள் என்று நான் நினைத்தேன். காலையில் நான் செய்துவிட்டுப் போனதாக அவள் நினைத்தாள். ஏழு மணிக்கு வகுப்பு. அன்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை; பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டபோதுதான் தெரிந்தது.

துளை வட்டமாக இல்லை. லேசாக வளைந்திருந்தது. உள்பக்கம் வளையம் வளையமாகக் கோடுகள். எண்ணினேன். ஆறு. பாட்டிலில் இப்படிக் கோடு விழாதே... என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

6.31. பற்ற வைத்தேன். கொஞ்ச நேரத்தில் புகை நின்றுவிட்டது. அம்மா மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தாள். இருமல் வரவில்லை.

“பாஸ் பண்ணிட்டடா குணசேகரா,” என்றாள்.

6.38. மயிர் கருகும் நாற்றம்.

“இன்னாடா வேகுது?”

“இன்னும் உலையே வைக்கலியேம்மா.”

6.40. தொம்... தொம்... டின்னுக்குள்ளிருந்து. தூள் இடிக்கிற சத்தம்.

6.42. அம்மா உலைப்பானையை அடுப்பில் வைக்கப் போனாள்.

பானை தெறித்து விழுந்தது. அவள் வலது கை துளைக்குள் இறங்கியது. தவறி விழவில்லை. எதுவோ இழுத்தது.

“யாரோ புடிக்கிறாங்கடா... உட மாட்டறாங்கடா...”

அவள் இடுப்பைக் கட்டி இழுத்தேன். நான் ஒரு பிடி இழுத்தால் உள்ளே இரண்டு பிடி இழுத்தது.

முழங்கை வரை போய்விட்டது.

என் முகத்தில் ஓர் அறை விழுந்தது. பல் உடைந்தது. எதிரே யாருமில்லை. எழுந்தேன். மறுபடி அறை. தலை சுவரில் மோதியது.

தொம். தொம்.

என் காதோரம் ஓர் ஆண் குரல். நிதானமாக.

“கையை ஆட்டாதடி.”

மூலையில் பழைய அடுப்புக் கல். தூக்கினேன்.

டின்னை அடித்தேன்.

அடித்தேன்.

அடித்தேன்...

டின் பிளந்தது. கங்கு தரையெல்லாம் கொட்டியது. உள்ளே வேறொன்றும் இல்லை. அம்மா மல்லாந்து விழுந்தாள். 6.47.

அவள் கையில் தோல் இல்லை.

இன்று காலை வெள்ளானூர் போனேன். செங்கல்வராயன் என் வீங்கிய உதட்டைப் பார்த்தார். நான் கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தார்.

அடுப்பு அவர் மகள் சொர்ணத்துடையது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு சண்டையில், அவள் புருஷன் பாட்டிலை வைக்கவில்லை. அவள் கையை டின்னில் நிறுத்தினான். வளையல்களோடு. அசைய முடியாதபடி சுற்றிலும் தூளை இடித்தான். தீ வைத்தான். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். போன மாதம் அவன் ஜெயிலில் செத்தான்.

“அன்னியிலேர்ந்து தெனம் தூளை வெளிய கொட்டறோம் நைனா. காத்தால பாத்தா இடிச்சி கீது.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா எடுத்துகினு போயிருப்பியா?”

நேற்று அம்மாவின் வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, புகை மட்டும் ஆகாது என்கிறார் டாக்டர். இனி நானே சமைக்கிறேன் என்றேன். “நீ ஆக்கற சோத்தை நாய்கூட துன்னாது,” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

நாளை: கூரையைத் துளைக்க வீட்டுக்காரரிடம் மறுபடி கேட்க வேண்டும். புகையில்லா அடுப்புக்கு அளவு எடுக்க வேண்டும். விறகு தள்ளும் வாயை இடது கைப் பக்கம் வைக்கச் சொல்ல வேண்டும்.