குடோனுக்குள் ஒரு கண்டக்டர்

"உள்ள போங்க, இன்னும் உள்ள போங்க, நடுவுல அம்புட்டு எடம் கெடக்கு" என்று முத்துச்சாமி குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எதிரே ஆட்கள் யாரும் இல்லை. சுங்குடிச் சேலைகள் அடைத்த அட்டைப்பெட்டிகள்தான் இருக்கின்றன. அவற்றை இரும்பு ரேக்கின் கடைசி வரைக்கும் இடுப்பால் நெம்பித் தள்ளிவிட்டுத்தான் நிமிர்கிறார். நிற்கும்போது கால் எப்போதும் அகன்றே இருக்கும். குடோன் எந்த நிமிடமும் சடன் பிரேக் போட்டுவிடும் என்கிற நினைப்பு மனிதருக்கு.

திண்டுக்கல்லிலிருந்து எரியோடு வழியாக வேடசந்தூர் போகும் தனியார் பஸ்ஸில் தலை நரைக்கும் வரை கண்டக்டராக இருந்தவர். முதலாளி பஸ்ஸை விற்றுவிட, பேகம்பூரில் எங்கள் தெருவில், என் வீட்டுக்கு எதிரே உள்ள இந்த குடோனில் வேலைக்குச் சேர்ந்தார். குடோன் நர்கீஸுடையது. சின்னாளபட்டிச் சேலை, நைட்டி, படுக்கை விரிப்பு என்று செல்போன் வழியாகவே ஊர் ஊராக விற்கிற கெட்டிக்காரப் பெண். வியாபாரம் வளர்ந்தது, கட்டடம் வளரவில்லை. பைபாஸ் பக்கம் பெரிய குடோன் ஒன்றைப் பேசி வைத்திருந்தார்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. சேலை மடித்துப் பார்சல் போடுகிற பெண்கள் எல்லோரும் எங்கள் தெருக்காரர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய்ப் பிள்ளைக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு ஓடி வருகிறவர்கள். பைபாஸுக்கு ஒருத்தியும் வர முடியாது. அவர்களில் காதர் பீவியின் வீட்டில் அடுப்பு எரிவதே இந்தச் சம்பளத்தில்தான். நர்கீஸுக்கும் அது தெரியும். தீபாவளி வரை இங்கேயே சமாளித்துப் பார்ப்பது, சரக்கு வைக்க இடமில்லாமல் போனால் மாறிவிடுவது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

முத்துச்சாமி வந்த முதல் நாள் எதையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு நர்கீஸுக்குப் பிடிக்கவில்லை என்று மாலதி பிற்பாடு சொன்னாள். மாலதி பார்சல்களில் முகவரி ஒட்டுகிறவள்.

"கூட்டம் பூராம் படியில தொங்குது, உள்ள சீட்டு காலியாக் கெடக்கு" என்றாராம்.

உண்மைதான். வேனிலிருந்து இறக்குகிறவர்கள் வாசலோடு போட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே போக வழியே இருக்காது. அவர் எல்லாவற்றையும் இறக்கி, மறுபடி ஏற்றினார். தினமும் விற்கிற நைட்டி வாசலோரம், எப்போதாவது விற்கிற விரிப்பு கடைசியில், பொங்கலுக்கு மட்டும் போகிற சரக்கு ரேக்கின் தலைமேல். அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவர் படியோரம், கடைசி ஸ்டாப்காரர் உள்ளே, மூட்டை முடிச்சு டாப்பில். அவருக்குத் தெரிந்த கணக்கு இது ஒன்றுதான், அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. பாதி காலியான பெட்டியைக் கண்டால் முகம் சுருங்கிவிடும். "காத்துக்கு யாரு டிக்கெட் எடுக்கிறது?" என்று கேட்டபடியே இரண்டு பெட்டிச் சரக்கை ஒன்றாக்கிவிடுவார். வேண்டாமென்று திரும்பி வந்த பார்சல் அன்றைக்கே பிரிபட வேண்டும். நன்றாக இருந்தால் மறுபடி ரேக்கில் ஏறும், இல்லாவிட்டால் தையல்காரரிடம் போகும். வாசலில் ராத்தங்கல் கிடையாது.

ரேக்குகளில் ஒவ்வொரு சரக்கின் பெயரையும் நர்கீஸ் அழகாக ஒட்டி வைத்திருந்தார். சிவப்புச் சுங்குடி தீர்ந்துபோனால் சிவப்புச் சுங்குடியின் தட்டு காலியாகவே கிடக்கும். பச்சைச் சுங்குடி தரையில் கிடந்து அழுக்காகும். முத்துச்சாமி அந்தச் சீட்டுகளை எல்லாம் கிழித்தெறிந்தார்.

"வராத ஆளுக்குத் துண்டைப் போட்டு எடம் புடிச்சு வச்சா, நிக்கிறவுக என்னம்மா பண்ணுவாக?"

காலியாக இருக்கும் தட்டில் எது வந்தாலும் உட்காரலாம் என்று ஆயிற்று. எது எங்கே இருக்கிறது? எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. பஸ் நிறைய ஆள் ஏறினாலும் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொன்னவராம். கேட்ட சேலையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். நாங்கள் வாயைப் பிளந்தோம்.

பிறகு அக்கா பேத்தியின் காதுகுத்துக்கு ஆயக்குடி போனார். மேளச் சத்தத்தில் செல்போன் அடித்தது அவர் காதில் விழவில்லை. இங்கே பெண்கள் ரேக் ரேக்காகத் துழாவினார்கள். அன்றைய ஆர்டரில் பாதி கிளம்பவில்லை. வாங்கியவர்கள் திட்டி எழுதியதைப் படித்த நர்கீஸ் அழுதுவிட்டார். அன்று சாயங்காலமே பைபாஸ்காரரிடம் பேசி, தீபாவளிக்கு முன்பே முடிவு சொல்வதாக ஒத்துக்கொண்டார். காதர் பீவி டேப்பை மேசைமேல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனதை நான் பார்த்தேன்.

மறுநாள் முத்துச்சாமி நேராக நர்கீஸிடம் வந்தார். "தப்பு எம்மேலதாம்மா. கண்டக்டர் லீவு போட்டாலும் வண்டி ஓடணும்ல" என்றார். அவரே பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு தட்டுக்கும் பஸ் சீட்டுக்குப் போடுவது போல எண் எழுதினார். எதை எந்த எண்ணில் வைத்தாலும் உடனே செல்போனில் பதிய நர்கீஸ் ஏற்பாடு செய்தார். பதியாமல் வைக்கிறவரைப் பார்த்தால் ஊதச் சொல்லி முத்துச்சாமி தன் பழைய விசிலை மாலதியிடம் கொடுத்தார். இதுவரை அதிக விசில் வாங்கியவர் அவரேதான். ஊதும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வருவார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அப்போதுதான். ஆனாலும் எங்கள் வீட்டுப் பரணை அவர் கண்ணில் காட்டுவதாக இல்லை.

தீபாவளிக்கு முந்திய வாரம் பைபாஸ்காரர் முடிவு கேட்டு இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். அன்று மத்தியானம் சின்னாளபட்டியிலிருந்து கடைசி வேன் வந்தது. ரேக்குகள் நிரம்பின, டாப்பு நிரம்பியது, பார்சல் போடும் மேசைக்கு அடியிலும் நிரம்பியது. அப்படியும் வேனில் பெட்டிகள் மிச்சமிருந்தன. தெருவில் வைக்க முடியாது, மழை இருட்டிக்கொண்டு நின்றது. நர்கீஸ் செல்போனை எடுத்து பைபாஸ்காரரின் எண்ணைத் தேடினார். டேப் ஒட்டிக்கொண்டிருந்த காதர் பீவியின் கை அப்படியே நின்றுவிட்டது.

முத்துச்சாமி மூலையைப் பார்த்தார். அங்கே அவருடைய மேசையும் நாற்காலியும் இருந்தன. வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளத்தைப் பற்றிக்கூட அவர் அதிகம் பேசவில்லையாம். "உக்கார ஒரு நாற்காலி மட்டும் போட்டுக் குடுத்துருங்கம்மா, நின்னு நின்னு காலு செத்துப்போச்சு" என்று அது ஒன்றைத்தான் கேட்டாராம்.

"செத்த நேரம் போனை வைங்கம்மா" என்றார்.

நாற்காலியைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்தார். இரண்டையும் இழுத்துக்கொண்டுபோய், எதிரே என் வீட்டு வாசலில் விட்டார். திரும்பி வந்து, வேனிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக அந்த மூலையில் கூரை வரைக்கும் ஏற்றினார். கடைசிப் பெட்டி உள்ளே போனதும், காலை அகட்டி நின்று, பஸ்ஸுக்கு ரைட் கொடுக்கிற மாதிரி அதன் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.