இரண்டாவது ரத்தம்

பென்சிலைச் சீவியதும் உள்ளங்கையில் ஒரு கோடு கிழித்துப் பார்க்கிறார் ரிஃபத். கோடு ஒழுங்காக விழுந்தால் முக்காட்டுக்குள் காதோரம் செருகிக்கொள்வார். ஒரு காதுக்கு ஒன்று, மறு காதுக்கு ஒன்று, மூன்றாவது பென்சில், ஐஸ் பெட்டியின் கைப்பிடியில் நூலால் கட்டியிருக்கும். பேனா மட்டும் அவரிடம் கிடையாது. கையெழுத்துப் போட வேண்டி வந்தால் எதிரில் இருப்பவரிடம் வாங்கிப் போட்டுவிட்டு, மூடியை மாட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

“பேனாவ நம்பி ரத்தத்த ஒப்படைக்க முடியாதுங்க சார். ஐஸ் தண்ணி பட்டாப் பேரு அழிஞ்சுபோயிரும். அப்பறம் அது யாரு ரத்தம்? யாருதும் இல்லீங்க.”

முப்பத்தாறு வயது. கோவை கோட்டைமேட்டில் வீடு. காய்ச்சல் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் ஒப்பந்த அடிப்படையில் ரத்தம் எடுக்கும் டெக்னீசியன். திட்டம் மூன்று துறைகளுக்குச் சொந்தம். மனிதர்களின் ரத்தம் சுகாதாரத் துறைக்கு, மாடுகளின் ரத்தம் கால்நடைத் துறைக்கு, இரண்டையும் சோதித்துச் சொல்வது மத்திய அரசின் ஆய்வு மையம். மழைக்குப் பிறகு ஊர் ஊராக வரும் காய்ச்சல் மாட்டுக் கொட்டகையிலிருந்து வருகிறதா என்று மூவரும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். எண்ணம் உயர்ந்ததுதான். ஆனால் ஜீப் கதவில் யாருடைய சின்னம் மேலே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யவே நான்கு கூட்டங்கள் ஆயின. திட்டத்தைப் பற்றி எழுத வந்த நானும் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். வடை நன்றாக இருந்தது. கடைசியில் மூன்று சின்னத்தையும் பக்கவாட்டில் ஒட்டினார்கள். மூன்றாவது கைப்பிடிமேல் விழுந்துவிட்டதால் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக உரிந்துகொண்டிருக்கிறது.

ரிஃபத்துக்கு அதெல்லாம் காதில் விழாது. அவருக்கு இருக்கும் ஒரே கவலை இரண்டாவது ரத்தம். காய்ச்சல் கண்டதும் ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். பதினான்கு நாள் கழித்து, இருபத்தோரு நாளுக்குள், அதே ஆளிடம் இன்னொரு முறை எடுக்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துச் சோதித்தால்தான் உடம்பு எந்தக் கிருமியோடு மல்லுக்கட்டியது என்பது உறுதியாகும். முதல் முறை காய்ச்சல் வேகத்தில் எல்லோரும் கையை நீட்டிவிடுவார்கள். குணமானவனிடம் போய் மறுபடியும் ஊசியைக் காட்டினால் அவன் பால் கறக்க நேரமாச்சு என்பான், தேங்காய் லோடு வருது என்பான், வீட்டுக்காரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பான். ரிஃபத் விடமாட்டார். தென்னை மரத்தடியில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, “ஒண்ணும் அவசரமில்லீங்க, கறந்துபோட்டு வாங்க” என்பார். அப்படி உட்கார்ந்திருப்பவரை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? கொடுத்துவிடுவார்கள்.

இந்தப் பிடிவாதத்தின் காரணத்தை நான் கேட்கவில்லை. அவராகவே ஒருநாள் ஜீப்பில் சொன்னார். பதினொரு வருடத்துக்கு முன் அவருடைய தந்தை நிஜாமுக்குக் காய்ச்சல். உக்கடத்தில் தோல் வியாபாரம் செய்தவர். ஆஸ்பத்திரியில் ஒரு முறை ரத்தம் எடுத்துவிட்டு, பதினான்காம் நாள் மறுபடி வரச்சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் காய்ச்சல் விட்டுவிட்டது. யாரும் போகவில்லை. அடுத்த மாதம் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். ‘காய்ச்சல், காரணம் தெரியவில்லை’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

“நான் அப்பவே லேப் படிப்பு படிச்சிட்டிருந்தனுங்க. சீட்டு என் கையிலதான் இருந்துச்சு. ரெண்டாவது ரத்தம் குடுத்திருந்தா அத்தா பொழச்சிருப்பாரான்னு தெரியாதுங்க சார். என்ன சீக்குன்னாவது தெரிஞ்சிருக்கும்.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜீப் கிணத்துக்கடவைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கிணத்துக்கடவுக்குக் கிழக்கே ஓர் ஊர். பேரை எழுத வேண்டாம் என்று ரிஃபத் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எழுதினால் அந்த ஊர் மாட்டைச் சந்தையில் யாரும் விலைக்குக் கேட்கமாட்டார்கள். ஐப்பசி மழைக்குப் பின் அங்கே வருடாவருடம் காய்ச்சல். போன வருடம் இரண்டு பேர் போய்விட்டார்கள். இந்த முறை ஒரு வியாழக்கிழமை முப்பத்தேழு பேரிடம் முதல் ரத்தம் எடுத்தார் ரிஃபத். இரண்டாவதற்கு இரண்டு வாரம் கழித்து வியாழன் என்று மூன்று துறையும் கூடித் தேதி குறித்திருந்தன. அரசு விடுமுறை பார்த்தார்கள், அதிகாரிகளின் லீவு பார்த்தார்கள், ஜீப் சர்வீஸுக்குப் போகும் தேதிகூடப் பார்த்தார்கள். ஊரில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. ரிஃபத்தும் கேட்கவில்லை. “என்ற தப்புந்தானுங்க அது” என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

குறித்த நாளில் போய் இறங்கினால் கோயில் முன்னால் கம்பம் நட்டு, வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். பூச்சாட்டு ஆகி நோம்பி தொடங்கிவிட்டது. அந்த ஊர் வழக்கப்படி கம்பம் நிற்கும்வரை ஊர் எல்லைக்குள் சொட்டு ரத்தம் சிந்தக்கூடாது. சவரக் கத்தியைக்கூடத் தொடமாட்டார்கள். ஊர்ப் பெரியதனக்காரர் லட்சுமணசாமி மரியாதையாக இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

“ஏனுங்க அம்மணி, கோவிச்சுக்காதீங்க. நானும் மொத ரத்தம் குடுத்தவன்தானுங்க. ஆனா இப்ப முடியாதுங்க.”

கிருமி, பரிசோதனை என்று ரிஃபத் எதையும் விளக்கவில்லை. இளநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: “கம்பம் எப்பங்க எடுக்கறீங்க?”

“வார பொதன்கெழம ராத்திரிங்க.”

“அப்ப வெசாழக்கெழம காலைல வாரேனுங்க.”

“அன்னிக்கு மஞ்சத் தண்ணிங்க. ஊரே ஓடிட்டிருக்கும். ஒருத்தரும் நிக்க மாட்டாங்க.”

“அவங்க ஓடட்டுங்க. நான் நிக்கறேன்.”

அந்த வியாழன் இருபத்தோராம் நாள். அதைத் தவறவிட்டால் ஊரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அடுத்த மழைக்கு அதே காய்ச்சல் பேரில்லாமல் வந்து இன்னும் இரண்டு பேரைக் கொண்டுபோகும்.

வெள்ளிக்கிழமை ரிஃபத் ஆபீஸ்களுக்குக் கிளம்பினார். திட்டத்தில் இல்லாத நாளில் அவரை அனுப்பச் சுகாதாரத் துறை சம்மதிக்க வேண்டும். அந்த வியாழக்கிழமை ஜீப் கால்நடைத் துறைக்கு ஒதுக்கியது. அதில் மனித ரத்தத்தை ஏற்ற அவர்கள் சம்மதிக்க வேண்டும். ஐந்து மணிக்குப் பூட்டும் ஆய்வு மையம் ஏழு மணிவரை திறந்திருக்கச் சம்மதிக்க வேண்டும். மூன்று இடத்திலும் யாரும் முடியாது என்று சொல்லவில்லை. “மொதல்ல அவங்க போடட்டும்மா, நான் உடனே போட்டுக் குடுத்தர்றேன்” என்றார்கள். இந்த வாசகத்தை முத்திரையாகவே செய்து மேஜையில் வைத்துக்கொள்ளலாம்.

மத்தியானம் ரிஃபத் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஒரே கடிதத்தை மூன்று துறைக்கும் தனித்தனியாக அடிக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘மற்ற இரு துறைகளும் சம்மதிக்கும் பட்சத்தில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.’ இதில் கையெழுத்துப் போட்டால் யாரும் முதல் ஆள் ஆகமாட்டார்கள். மூன்று அதிகாரிகளும் நிம்மதியாகப் போட்டார்கள். மூன்றையும் சேர்த்துக் குத்தியபோது மணி நாலே முக்கால். நாலு கூட்டத்திலும் வராத ஒற்றுமை ஒரு ஸ்டேப்ளர் பின்னில் வந்துவிட்டது.

வியாழக்கிழமை நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். முன்சீட்டில் கால்நடை உதவியாளர் வேங்கடசாமி; மாடுகளின் இரண்டாவது ரத்தம் அவர் பொறுப்பு. ஊருக்குள் நுழைந்ததும் எங்கிருந்தோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் வந்து என் சட்டையில் விழுந்தது. மாமனை மச்சினிச்சி துரத்துகிறாள், கொழுந்தனை அண்ணி துரத்துகிறாள். முறையுள்ளவர்கள்மேல்தான் ஊற்றவேண்டுமாம், எனக்கு அங்கே யார் முறை என்று கேட்கக்கூட எவரும் நிற்கவில்லை.

ரிஃபத் பால் சொசைட்டி வாசலில் பெட்டியை வைத்து நின்றார். பட்டியலைச் சத்தமாகப் படித்தார். ஓடிக்கொண்டிருந்தவர்களில் பேர் கேட்டவர்கள் மூச்சு வாங்க வந்து கையை நீட்டினார்கள். தோள்வரை மஞ்சள். துடைத்த பஞ்செல்லாம் மஞ்சளாகிக் குவிந்தது. நரம்பு கண்ணுக்குத் தெரியாமல் விரலால் தடவித் தடவியே பிடித்தார். மயிலாத்தாள் என்ற பால்காரம்மா ரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உள்ளே போய், ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரோடு திரும்பி வந்து ரிஃபத்தின் முதுகில் ஊற்றினார்.

“இத்தன நாளாத் தேடி வாரீங்கல்லங்க. இனி எங்களுக்கு நங்கையா முறைதானுங்க.”

நங்கையா என்றால் அங்கே அண்ணி. ரிஃபத் அன்று முழுவதும் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிரித்துக்கொண்டே பெட்டியின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தார். வேங்கடசாமி பேனாவால் எழுதிய மாட்டுப் பட்டியல் நனைந்து ஊதாக் கறையாகிவிட்டது. ரிஃபத் காதோரத்திலிருந்து ஒரு பென்சிலை எடுத்து நீட்ட, அவர் வாங்கிக்கொண்டு மறுபடியும் எழுதினார்.

மூன்று மணிக்கு முப்பத்தாறு. ஆறு மணிக்குப் பெட்டி ஊரை விட்டுக் கிளம்பியாக வேண்டும். முப்பத்தேழாவது ஆள் லட்சுமணசாமி; கோயில் வேலையில் இருக்கிறார் என்றார்கள். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார். “ஒருத்தருதானே, விடுங்க மேடம்” என்றார் வேங்கடசாமி. ரிஃபத் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். நாலரை மணிக்கு வந்தார் லட்சுமணசாமி. ஊரில் மஞ்சளில்லாத கை அவருடையது ஒன்றுதான். சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்.

“உங்குளுக்கு நரம்பு தெரியோணுமல்லங்க அம்மணி, அதான் கழுவிப்போட்டு வந்தேன்.”

முடிவு வர இரண்டு மாதம் ஆனது. போன வாரம் கோவை ஆபீஸில் ரிஃபத் தன் சொந்த நோட்டை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். முப்பத்தேழு பேர், ஒவ்வொரு பேருக்கும் எதிரே பென்சிலில் ‘காரணம் தெரியவில்லை’. பக்கத்தில் ஆய்வு மையத்தின் தாள். இருபத்தொன்பது பேருக்கு எலிக்காய்ச்சல். அவர்கள் வீட்டு மாடுகளிலும் அதே கிருமி. இனி கொட்டகைக்குள் இறங்குகிறவர்களுக்குப் பூட்ஸ், மழைக்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை. மூன்று துறையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தன. யார் முதலில் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

“மிச்சம் எட்டுப் பேருக்கு?”

“அவங்குளுக்கு வேற என்னமோங்க. மறுபடி போவோணும். மாசி பொறந்ததும் போறேன். நோம்பி இல்ல, கேட்டுப்போட்டேன்.”

ரப்பரை எடுத்து இருபத்தொன்பது வரியை ஒவ்வொன்றாக அழித்தார். தூளை ஊதினார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

“உங்க பேனாவக் கொஞ்சம் குடுங்க சார்.”

கொடுத்தேன். இருபத்தொன்பது தடவை ‘எலிக்காய்ச்சல்’ என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். மை காய்கிறவரை காத்திருந்தார். அப்புறம் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். அங்கே எண் போடாமல் ஒரே ஒரு வரி, பென்சிலில்: ‘நிஜாம், 58, தோல் வியாபாரம். காரணம் தெரியவில்லை.’ பேனா முனையை அந்த வரிக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு மூடியை மாட்டி என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.