திரும்பத் துவக்கு

துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவன் நான். ஐம்பத்தெட்டாவது வயதில், யாரும் துரத்தாமல், என் சொந்தக் காலில் நடந்துபோய் ஹம் நகரத்தில் ஒரு துவக்குக் கடைக்குள் நுழைந்தேன். விசர் என்றால் இதுதான் விசர்.

துப்பாக்கியை எங்கள் ஆட்கள் துவக்கு என்றுதான் சொல்வோம். தொடங்கு என்பதற்கும் அதே சொல் உண்டு. மகள் சின்ன வயதில் தமிழ்ப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'அமைச்சர் விழாவைத் துவக்கி வைத்தார்' என்று வாசித்துவிட்டு, "ஏன் அம்மா, அவர் விழாவைச் சுட்டவரோ?" என்று கேட்டாள். என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் வாயில் எதற்கும் துவக்குத்தான். "சோறு ஆறுது, துவக்கு." "வீட்டுப்பாடத்தைத் துவக்கு, பிள்ளை." நான் இதில் சேருவதில்லை. அந்தச் சொல்லைப் பகிடிக்குக்கூட என்னால் சொல்ல முடிந்ததில்லை.

மனைவி செத்து இரண்டு வருடம். மகளுக்கு வுப்பர்டாலில் வேலை. தாயில்லாத வீட்டுக்கு வந்தால் அவளால் இருக்கவே ஏலாது. குசினியை ஒருமுறை எட்டிப் பார்ப்பாள், திரும்பிப் போய்விடுவாள். பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். சனிக்கிழமைகளில் இடையில் ஒரு ஸ்டேஷனில் சந்தித்து, அங்கிருந்து ரயிலேறி மலைக்காட்டுப் பக்கம் போய் நடப்பது. போய்ச் சேர ஓர் இடமில்லாமல் நடக்கிற பழக்கம் எங்களுக்கு ஏது? ஆனால் முன்னும் பின்னுமாக நடக்கும்போது முகம் பார்க்கத் தேவையில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பாதையில் அவள் கதைத்தாள். தாயைப் பற்றி, வேலையைப் பற்றி. மியூனிக்குக்கு மாறச் சொல்லி அவளைக் கேட்டிருந்தார்கள். "நீங்கள் தனிய எண்டுதான் போகாமல் நிக்கிறன் அப்பா," என்றாள் ஒருநாள். பின்னால் நடந்தபடி அழுதேன். அந்தச் சனிக்கிழமையைத் தவிர எனக்கு வேறொன்றும் மிச்சமில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஓநாய் வந்தது. அந்தப் பக்கம் ஓநாய் ஓர் ஆட்டைக் கிழித்திருக்கிறது என்று ஸ்டேஷனில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை, ஐம்பது அடி முன்னால், சாம்பல் நிறத்தில் ஒன்று பாதையைக் கடந்து போனது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகள், "ஐயோ, என்ன வடிவு!" என்று குதித்தாள். நான் அவள் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தேன். இவளுக்கும் ஏதாவது நடந்தால் நான் யாரிடம் போவேன்? அந்த நினைப்பு அந்தக் கிழமை முழுக்க என்னைச் சாப்பிட விடவில்லை.

கடையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் நின்றாள். எதற்கு என்று கேட்டாள். ஓநாய்க்கு என்றேன். சிரிக்கவில்லை, நல்ல மனுசி. உண்மையான துவக்கு என்றால் வேட்டைக்காரருக்குத்தான், அதற்குப் படிப்பு, சோதனை எல்லாம் உண்டு, நடந்து திரிகிறவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்றாள். மிளகுத்தூள் அடிக்கிற குப்பி ஒன்றை எடுத்து வைத்தாள். பிறகு சத்தம் மட்டும் போடுகிற கைத்துவக்குகள் நாலைந்து. பார்வைக்கு அசல்தான். இதை வெளியில் கொண்டு திரிவதற்கும் பொலிஸில் அனுமதி எடுக்க வேண்டுமாம்.

ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். சின்னது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. கறுத்த பெரியது கையில் சரியாக உட்கார்ந்தது. ஒருகாலத்தில் என் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்டதும் ஏறக்குறைய அதே அளவுதான். தெரிந்தும் அதையே காட்டினேன். யாரோடு நடக்கிறாய் என்று அந்தப் பெண் கேட்டாள். மகளோடு என்றேன். அப்படியானால் இரண்டு பேரும் உரக்கக் கதைத்துக்கொண்டு போங்கள், மனிதக் குரல் கேட்டால் அது விலகிவிடும், இது ஒன்றும் தேவைப்படாது என்றாள். நான் கேட்டேனா? மண்டைக்குள் களிமண். பொலிஸ் அனுமதிக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். அனுமதி வந்தவுடனே போய் வாங்கி வந்தேன்.

முதல் சனிக்கிழமையே பிடிபட்டேன். தண்ணீர்ப் போத்தல் எடுக்க என் பைக்குள் கை விட்டவள் அப்படியே நின்றாள்.

"என்னப்பா இது?"

"ஓநாய்க்கு. சுடாது பிள்ளை, வெறும் சத்தம்."

"சத்தமோ? வருசப்பிறப்பு வெடிச் சத்தத்துக்கு அம்மா குளியலறைக்குள்ள போய்க் காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறவ. நானும் பக்கத்தில இருக்கிறனான். மறந்திட்டியளோ?"

"உன்ரை நன்மைக்குத்தானே..."

"இதோட வாறதெண்டால் நான் வரேல்லை."

திரும்பி ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டாள். கூப்பிட்டேன், நிற்கவில்லை.

திங்கட்கிழமையே அந்தச் சனியனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதை அவளிடம் சொல்ல வேண்டியதுதானே? ரோசம். பெற்ற பிள்ளையிடம் என்ன கண்டறியாத ரோசமோ! அவளும் போன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஐந்து சனிக்கிழமைகள் யன்னலோரம் இருந்து தேத்தண்ணி குடித்தேன்.

ஆறாவது கிழமை கைப்பேசியில் தமிழில் ஒரு செய்தி வந்தது. 'அப்பா திரும்ப துவக்கு?'

இன்னும் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறாளே என்று நெஞ்சு எரிந்தது. மறுபடியும் துவக்கு எடுத்தேனா என்று விசாரணை! ஆனாலும் அடக்கிக்கொண்டு, மிகப் பணிவாக, 'இல்லை. இனி ஒருநாளும் இல்லை' என்று எழுதினேன். அனுப்பிவிட்டு எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. சனிக்கிழமை வாறன் அப்பா என்று பதில் வரும் என நினைத்துச் சப்பாத்தைக்கூடத் துடைத்து வைத்தேன். அவள் பார்த்துவிட்டாள் என்று கைப்பேசி காட்டியது. பதில் வரவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு மியூனிக் வேலையை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தவளை வழியனுப்ப ஹம் ஸ்டேஷனுக்குப் போனேன். பெட்டியை இடையில் வைத்துக்கொண்டு நின்றோம்.

"நான் கேட்டுப் பாத்தனான்தானே அப்பா."

"என்னத்தைக் கேட்டனி?"

கைப்பேசியைத் திறந்து அந்த வரியைக் காட்டினாள். "அம்மா சொல்லுறமாதிரி எழுதினனான். திரும்ப நடக்கத் துவக்குவமோ எண்டு. நீங்கள் ஒருநாளும் இல்லை எண்டியள்."

அந்த வரியை இன்னொருமுறை வாசித்தேன். "அது... எனக்கு அது சுடுற துவக்கெண்டுதான் கண்ணில பட்டது பிள்ளை. அதை நான் அடுத்த திங்களே குடுத்திட்டன். சத்தியமாக் குடுத்திட்டன். மியூனிக்கை விடு, இந்தச் சனிக்கிழமையே போவம்."

"வீட்டையும் விட்டிட்டன் அப்பா. நாளைக்கு வேலை."

ரயில் வந்து நின்றது. பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். அவள் படியில் நின்று என் தோளில் கை வைத்தாள்.

"அம்மாக்கெண்டால் விளங்கியிருக்கும்," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை.