கல்பாலத்துக்கு அடியில்

மாவட்டம் பிரிந்த வருஷம் திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தேன். வாய்க்கால் ஓரத் தெருவில் ஒரு மாடிப் போர்ஷன் வாடகைக்குக் கிடைத்தது. கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். டெலிபோன் எக்சேஞ்சில் வேலை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன்.

அந்த வாய்க்கால் எந்த ராஜா காலத்திலோ வெட்டியது. மலையில் பெய்யும் மழையை வாங்கி ஏரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரு கரையிலும் கருங்கல் அடுக்கு. எங்கள் வீட்டுக்கு எதிரே அதன் மேல் ஒரு சின்னக் கல்பாலம். வெயில் காலத்தில் சாக்கடையாக நாறும். ஐப்பசியில் மலைத் தண்ணீர் செம்மண் கரைந்து இறங்கும்போதுதான் அதற்கு உயிர் வரும்.

அப்படித் தண்ணீர் வந்த முதல் மாலை, அக்கா கரையில் உட்கார்ந்து பாடினார். வார்த்தை இல்லை, வெறும் ஆலாபனை. பாலத்தைப் பார்த்து ஓர் இழை பாடுவார், நிறுத்துவார், காதுகொடுப்பார். பாலத்தடி வளைவுக்குள் போன குரல் எதிரொலித்துத் திரும்பும். மறுபடி பாடுவார். நான் மாடியிலிருந்து அதை வரைந்துகொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து, "யாருக்குக்கா பாடறீங்க?" என்று கேட்டேன்.

"எம் பொண்ணுக்கு டீச்சர்" என்றார், சாதாரணமாக. "ஸ்கூல் வுட்டு வந்தா பாலத்துக்குள்ள குனிஞ்சி அம்மானு கத்துவா. ரெண்டு வாட்டி கேக்கும். ரெண்டு பேருக்கும் பதில் சொல்லும்மானு சிரிப்பா. போன மழையில கால் வழுக்கிடுச்சி. ஏரியிலதான் கெடச்சா."

அதற்குப் பிறகு அந்த எதிரொலியை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. ஒரு மாலை, அவர் நிறுத்தியபின் சற்றே தாமதித்து, அவர் பாடியதைவிட மேல் ஸ்தாயியில் ஒரு குரல் வந்தது. என் காதின் பிரமை என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த வளைவையே திரும்பத் திரும்ப வரைந்தேன், உள்ளே கருமை பூசி. ஒன்றைப் பள்ளிக் கண்காட்சியில் மாட்டியபோது, "சாக்கடைய ஏன் வரஞ்சீங்க?" என்றார் தலைமையாசிரியை. அக்கா மட்டும் வெகுநேரம் நின்று பார்த்தார்.

"உள்ள இவ்ளோ இருட்டு இல்ல டீச்சர்" என்றார்.

கிரிவலக் கூட்டம் பெருகி லாட்ஜுகள் முளைத்தபோது வாய்க்காலைச் சிலாப் போட்டு மூட வந்தார்கள். கொசு கம்மியாகும், வண்டி நிறுத்தலாம் என்று தெருவுக்கே சந்தோஷம். அக்கா மேஸ்திரியிடம் போய், "எங்க வீட்டு எதிர்ல மட்டும் கொஞ்சம் தொறந்து வுடுங்க" என்றார்.

"கொழந்தைங்க வுழுந்துட்டா யாரும்மா பதில் சொல்றது?"

அவர் திரும்பி வந்தார். அதோடு பாட்டு நின்றது.

சில வருஷங்கள் கழித்து ஒரு கார்த்திகையில் விடாமல் மழை. அடியில் எங்கோ அடைத்துக்கொண்டு, தண்ணீர் தெருவில் ஏறி அக்காவின் வீட்டுக்குள் புகுந்தது. காலையில் நகராட்சி ஆட்கள் எங்கள் வீட்டு எதிரே சிலாபைக் கடப்பாரையால் உடைத்தார்கள். பிளாஸ்டிக் பைகள், டயர், ஊறிப்போன மெத்தை என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அடைப்பு விட, தண்ணீர் உறுமிக்கொண்டு பாலத்துக்குள் பாய்ந்தது.

அக்கா ஈரப் புடவையோடு விளிம்புக்குப் போய்ப் பாடினார். குரல் கரகரத்திருந்தது. ஆட்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். பாடி நிறுத்தினார். வளைவு பாதிக்குமேல் சேற்றால் தூர்ந்திருந்தது. தண்ணீர்ச் சத்தம் தவிர எதுவும் திரும்பவில்லை. அவர் காத்திருந்தார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டா டீச்சர்" என்றார். "தண்ணிக்கே வழி இல்லாம பண்ணிட்டோம். அவ மட்டும் எப்படி இருப்பா?"

அடுத்த வருஷம் வேலூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்தேன். ஒரு காலத்தில் ஏரிக்குத் தண்ணீர் போகும் வழியாக இருந்த மண் என்று கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. பெருமழை பெய்தால் தண்ணீர் வாசலுக்கு வந்து நிற்கும். அக்கம்பக்கத்தில் மண்மூட்டை அடுக்குகிறார்கள். எனக்கு மனம் வருவதில்லை. கேட்டைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.